நாவற்குடாவில் அணைய வேண்டிய நீல விளக்கு

என்னிடம் ஒரு கோட்டுக் கொப்பி இருக்கிறது. காரின் டாஷ்போர்ட் லாச்சிக்குள் கிடந்து மூலையெல்லாம் மடிந்துபோனது. 2022 இல் இலங்கையில் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் எழுதத் தொடங்கினேன். அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைத்தபோது, அந்த இருபதை வைத்து எத்தனை நாள் பாடசாலைக்குப் போய்வரலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி வந்த பழக்கம். 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்ற பிறகும் நான் எழுதுவதை விடவில்லை. எண்ணெய் அடிக்கும் ஒவ்வொரு முறையும் திகதி, மீற்றர் எண், லீற்றர் மூன்றையும் எழுதுவேன். வண்டியில் ஏதாவது வேலை செய்திருந்தால் ஓரத்தில் அதற்கும் ஒரு வரி. கடைசியில் கைகொடுத்தது அந்த ஓர வரிகள்தான்.

எனக்கு மட்டக்களப்பில், கல்லடியில் வீடு. படிப்பிப்பது வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் ஒரு பாடசாலையில், விஞ்ஞானம். போக 24 கிலோமீற்றர், வர 24. கல்முனை வீதியால் நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போவேன். 2014 இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் அங்கே ‘பாதை’ ஓடியது. வாகனங்களை ஏற்றி அக்கரையில் இறக்கும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்றுதான் சொல்வோம். கார் 2007 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ், ஆயிரம் சீசீ, மூன்று சிலிண்டர். மேடு பள்ளம் இல்லாத ஊர், கொழும்பைப் போல நெரிசலும் கிடையாது. 2022 பக்கங்களில் லீற்றருக்குச் சராசரி 16.2 கிலோமீற்றர் என்று இருக்கிறது. அந்த வண்டிக்கு அது நல்ல கணக்கு.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எண்ணெய் அடித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஓடியது 411 கிலோமீற்றர், பிடித்தது 33.9 லீற்றர். லீற்றருக்கு 12.1. பிழையாக எழுதிவிட்டேனோ என்று முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அதற்கு முந்தியதும் 12.3 தான். நான் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடுகிறேன். 16 க்கும் 12 க்கும் நடுவில் மாதத்துக்கு இருபது லீற்றருக்கு மேல் போய்விடுகிறது. அப்போது லீற்றர் முந்நூறு ரூபா அளவில் விற்றது, கணக்கு ஆறாயிரம் ரூபாவைத் தாண்டும். எங்கள் வீட்டில் அது பிள்ளையின் ரியூசன் காசு.

கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணன். “டீச்சர், 95 அடிச்சுப் பாருங்க” என்றார் எங்கள் பாடசாலை கணித சேர். ஒட்சிசன் சென்சர் போயிருக்கும் என்று என் கணவருடைய தம்பி. ஒரு கராஜில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். கணவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “பதினெட்டு வருச வண்டி, இனி இப்பிடித்தான் ஓடும்.”

வண்டிக்கு வயது போனால் பெற்றோல் கூடக் குடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் சும்மா நம்புகிறோம். வயது பெற்றோல் குடிக்காது. தேய்ந்த, இறுகிய, அடைபட்ட ஏதோ ஒரு பாகம்தான் குடிக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு இடம் இருக்கும். தேடினால் அகப்படும். நான் தேடத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான்.

ஊகங்களில் இரண்டை முதலில் கழித்தேன். வேறு ஊர்ச் செட்டில் இரண்டு முறை முழுதாக அடித்து ஓடிப் பார்த்தேன், எண் மாறவில்லை. எனவே கலப்படம் இல்லை. 95 அடிக்கவே இல்லை. ஒக்டேன் எண் பெற்றோலுக்குள் இருக்கும் சக்தியின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அமுக்கப்படும்போது தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு அது. இந்த எஞ்சின் ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. அங்கே சாதாரண பெற்றோலே 90 ஒக்டேன் அளவுதான். எங்கள் 92 அதற்குத் தாராளமாகப் போதும். எஞ்சின் தட்டுச் சத்தம் போடாவிட்டால் 95 இல் மிச்சம் எதுவும் கிடைக்காது.

அளக்கும் விதத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதிலேயே வழுக்கிவிடுகிறார்கள். “ஆயிரம் ரூபாவுக்கு அடிச்சேன், ரெண்டு நாள் கூட வரல்ல” என்பது அளவு இல்லை. டாஷ்போர்ட் முள்ளும் அளவு இல்லை. அது தாங்கியின் மேல்பாதியில் மெதுவாகவும் கீழ்ப்பாதியில் வேகமாகவும் இறங்கும். தாங்கி நிறைய அடித்து, பம்ப் தானாக ‘டக்’ என்று முதல் தரம் நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ரூபாவை முழுதாக்க என்று அமுக்கி அமுக்கி ஊற்ற விடக்கூடாது. ஓடிவிட்டு, அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி அதே ‘டக்’ வரைக்கும். ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் பிடித்த லீற்றரால் வகுப்பது. ஒரு தாங்கிக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது, நிற்கும் இடம் ஒன்றரை லீற்றர் முன்பின் ஆகலாம். இரண்டு மூன்று தாங்கியைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதோடு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் எது பயன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. எனக்கு இந்தத் தேடல் ஐந்து மாதம் எடுத்தது இதனால்தான்.

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொப்பியில் இருந்த எண்களை வரைபுத்தாளில் குறித்தேன். வயதுதான் காரணம் என்றால் கோடு மெல்ல மெல்லச் சரிய வேண்டும். எனக்கு வந்த கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது. 2023 செப்டெம்பர் வரை 16 ஐ ஒட்டி நேராகப் போகிறது, அந்த மாதமே 14 க்கு விழுகிறது. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது. 2024 டிசம்பரில் மறுபடி ஒரு விழுகை, 12. இரண்டு படிக்கும் பக்கத்தில் ஓர வரிகளைப் பார்த்தேன். முதல் படிக்கு முன்னே ‘ரேடியேற்றர் சூடானது, கராஜ்’ என்று எழுதியிருந்தேன். இரண்டாவதற்கு முன்னே ஒரே ஒரு சொல்: ‘வெள்ளம்’.

அந்த வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள் கிடந்தன. படுவான்கரை வீதிகளில் முழங்காலளவு ஓடியது. நானும் ஒருநாள் சில்லு பாதி மூழ்கத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடியில் ஒரு மெக்கானிக் நானாவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். சின்னக் கராஜ், ஓலைக் கீற்று வேய்ந்த முன்தாழ்வாரம். நான் கதை சொல்லத் தொடங்க, அவர் கையை நீட்டிக் கொப்பியை வாங்கிக்கொண்டு ஒரு எண்ணெய்ப் பீப்பாவின் மேல் வைத்து முழுதாகப் பார்த்தார். எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. வண்டியை நியூட்ரலில் விடச் சொல்லி, வேலைக்கு நின்ற பொடியனைத் தள்ளச் சொன்னார். கார் அசைந்தது. பொடியன் கையை எடுத்தான், அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சமதரையில் சின்னக் கார் ஒன்று தள்ளிவிட்டால் ஒரு முழமாவது தானாக உருள வேண்டும் என்றார் நானா.

“ஆரையம்பதி மட்டும் போய் வாங்க டீச்சர். வரக்குள்ள பிரேக்க மிதிக்காம மெல்ல வந்து நில்லுங்க.”

போய் வந்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் புறங்கையைப் பிடித்தார், தொடாமல். பிறகு என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று சில்லில் வெயிலில் நின்ற இரும்பின் சூடு. முன்பக்கம் இடது சில்லில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிக்குப் பக்கத்தில் கையை வைத்த மாதிரி இருந்தது. பொடியன் விரலை நனைத்து பிரேக் டிஸ்கில் இரண்டு சொட்டுத் தெறித்தான், சுர்ரென்று காய்ந்தது. ஜக் அடித்துத் தூக்கிச் சில்லைச் சுற்றினால் அரைச் சுற்றுக் கூட வரவில்லை. வலது பக்கம் மூன்று சுற்று ஓடி நின்றது.

பேட்களால் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றினார். பிரேக்கை விட்டதும் பேட் விலகுவதற்காகக் கலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின்கள் உண்டு. கீழே இருந்த பின் வரமாட்டேன் என்று நின்றது. சூடாக்கி, தட்டி, முறுக்கி இழுத்தபோது செங்கல் தூளைப் பூசிய மாதிரி வெளியே வந்தது. அதை மூடியிருந்த இறப்பர் உறை கிழிந்திருந்தது. கல்லடிக் கடற்கரையில் நிற்கும் வண்டி, உப்புக்காற்று வருடம் முழுக்க. அந்தக் கிழிசலால் வெள்ளத் தண்ணீரும் உள்ளே போய் கிறீஸைக் கரைத்துவிட்டது. உள்பக்கப் பேட் கடதாசி அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம் இருந்தது. இரண்டு மாதமாக நான் ஒரு காலைப் பிரேக்கில் வைத்தபடி பாடசாலைக்குப் போய்வந்திருக்கிறேன். வாங்கிய பெற்றோலில் ஒரு பங்கு டிஸ்கைச் சூடாக்கி வீதியில் போயிருக்கிறது.

பின்னைத் துலக்கி, பிரேக்குக்கு உரிய கிறீஸ் பூசி, புது உறையும் புதுப் பேட்டும் போட்டார். அடுத்த இரண்டு தாங்கியையும் சேர்த்துப் பார்த்தபோது 13.7. இரண்டாம் படி ஏறக்குறைய முழுதாக ஏறிவிட்டது.

மிச்சம் முதல் படி.

இதற்கு இடையில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த வண்டியில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. இரண்டு விளக்குத்தான். தண்ணீர் கடுமையாகச் சூடானால் சிவப்பு, தண்ணீர் இன்னும் குளிராக இருந்தால் நீலம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலம் எரியும், சிறிது தூரத்தில் அணையும். வாங்கிய காலத்தில் நாவற்குடாவுக்கு வரும்போது அணைந்துவிடும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது காத்தான்குடி வீதி நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்களைத் தாண்டும்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. மழை பெய்த ஒரு காலையில் அணைந்த விளக்கு மண்முனைப் பாலத்தின் மேல் காற்றுப் பட்டு மறுபடி எரிந்தது. நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்திருந்தேன். 2023 இல் நடுவீதியில் வண்டி ஆவி கக்கி நின்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. நீலம் எரிந்தால் சூடாகவில்லை, நிம்மதி என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

நானாவிடம் சொன்னேன். அவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். புதிதாகப் போட்டு இரண்டு மாதம் கூட ஆகாதவை. “கறுப்பா இரிக்கி பாருங்க.” நன்றாக எரியும் எஞ்சினில் பிளக்கின் முனை இளம் மண்ணிறமாக, பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இதில் காய்ந்த கரி படிந்திருந்தது. பெற்றோல் அளவுக்கு மிஞ்சி உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். முந்தைய கராஜில் கழற்றிப் போட்டதும் இதே கறுப்பாகத்தான் இருந்திருக்கும், யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு வண்டியின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனரைக் கொழுவிக்கொண்டு வீதியில் ஒரு சுற்றுப் போனோம். தண்ணீர்ச் சூடு 61 பாகை, 63, மறுபடி 60. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடம்.

திரும்பி வந்து, வண்டி ஆறிய பிறகு, தண்ணீர்க் குழாய் எஞ்சினில் சேரும் இடத்தில் மூடியைக் கழற்றினார். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“வால்வு இதுக்குள்ள இல்ல டீச்சர். வெறும் கூடுதான் இரிக்கி.”

தேமோஸ்டாட். ரேடியேற்றர் சூடான அன்று வண்டியை எடுத்த கராஜில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியைப் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் சொன்னது இப்போது சொல்லுக்குச் சொல் நினைவு வருகிறது. “தேவையில்லாத சாமான் ஒண்டு கிடந்துது, கழட்டிட்டம். அது குளிர் நாட்டுக்கு. எங்கட வெயிலுக்கு அது வேணாம்.” நானும் தலையாட்டிக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ‘எங்கட வெயிலுக்கு’ என்ற சொல்லைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எடுத்துப் பேச விரும்புகிறேன். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுகிற சொல் அது. வெளியே வெயில் கொளுத்துகிறது, எஞ்சின் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எஞ்சினுக்கு வெயில் 32 பாகையோ 36 பாகையோ பெரிய வித்தியாசம் இல்லை. அது வேலை செய்ய வேண்டிய சூடு 85, 90. அந்தச் சூட்டை அடையும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போக விடாமல் மறித்து வைப்பதும், அடைந்த பிறகு திறந்து விடுவதும்தான் தேமோஸ்டாட்டின் வேலை. அதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் பண்ணிய நிமிடத்திலிருந்து தண்ணீர் முழுக்க ரேடியேற்றரைச் சுற்றி வருகிறது. ஓடும் காற்றில் ஆறிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் தன் சூட்டுக்கு வருவதே இல்லை.

வண்டியின் கம்பியூட்டருக்கு வெயில் தெரியாது. அதற்குத் தெரிவது தண்ணீருக்குள் நிற்கும் சென்சர் சொல்கிற எண் மட்டும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சூடு குறைவு என்று சென்சர் சொன்னால் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டித் தெளிக்கும். பழைய மோட்டார் சைக்கிளில் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவோமே, அதேதான். ஒன்றரை வருடமாக என் கார் சோக்கைக் கொஞ்சம் இழுத்தபடி ஓடியிருக்கிறது. ஒயிலும் தன் சூட்டுக்கு வராமல் தடிப்பாகவே நிற்கும், அந்தத் தடிப்பைக் கிழித்துக்கொண்டு ஓடவும் எஞ்சினுக்குப் பெற்றோல் வேண்டும். ஒயிலுக்குள் சேரும் ஈரமும் காயாது.

இன்னொன்று. அன்று வண்டி சூடானதற்குத் தேமோஸ்டாட் காரணமே இல்லை. ரேடியேற்றரில் நாங்கள் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வந்தோம். கடற்கரைக் கிணறு, கேத்தலில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை கட்டும். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே படைதான் கட்டியிருந்தது. வால்வை எடுத்ததும் தண்ணீர் ஓட்டம் கூடிச் சூடு மறைந்தது, அடைப்பு அப்படியே இருந்தது. இந்த முறை நானா ரேடியேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கக் கொடுத்து, கூலன்ட் ஊற்றினார். யாராவது உங்கள் வண்டியில் தேமோஸ்டாட்டை எடுக்க வேண்டும் என்றால், தயவுசெய்து முதலில் ரேடியேற்றரை, காற்றாடியை, தண்ணீர்ப் பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வால்வு வாங்கி வந்த அன்று இரவு அதை வண்டியில் போட முதல் வீட்டுக் குசினிக்குக் கொண்டுபோனேன். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானி கொண்டுவந்திருந்தேன். ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு, வால்வை நூலில் கட்டி, அடிச்சட்டியில் முட்டாமல் தொங்கவிட்டேன். காஸ் அடுப்பைச் சின்னதாக வைத்தேன். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சாமான் அது, நடுவில் ஒரு சுருள்வில், மேலே ஒரு ரூபாக் குற்றி அளவில் தட்டு. 50, 60, 70, ஒன்றும் இல்லை. சட்டியின் அடியில் சிறு குமிழிகள் ஏறத் தொடங்கின. மகளும் வந்து பக்கத்தில் நின்றாள். 80 தாண்டியதும் தட்டு ஒரு மயிரிழை விலகியது. 82 இல் நகக்கண் அளவு. பிறகு சுருள்வில் மெதுவாக அமுங்க அமுங்க, 90 ஐ எட்டும்போது சின்ன விரல் போகும் அளவுக்கு வாய் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். ஆற ஆற, அதே மாதிரி மெதுவாக மூடிக்கொண்டது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. உள்ளே அடைத்திருக்கும் மெழுகு உருகி விரிவடைந்து தட்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். இத்தனை வருடம் திண்மங்களும் திரவங்களும் வெப்பத்தால் விரிவடைவதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். அன்றிரவு அந்தப் பித்தளைத் துண்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வால்வு போட்ட பிறகு வந்த இரண்டு தாங்கிக்கும் சராசரி 15.2. வால்வின் விலை ஒரு மாதத்தில் மிச்சமான பெற்றோல் காசுக்குள் வந்துவிட்டது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே ‘எங்கட வெயிலுக்கு’ என்று எஞ்சினுக்கு 20டபிள்யூ50 என்ற தடித்த ஒயில் ஊற்றியிருந்தார்கள். இந்த எஞ்சினுக்கு உரியது 0டபிள்யூ20 அல்லது 5டபிள்யூ30. 5டபிள்யூ30 க்கு மாற்றினேன். கொப்பியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனாலும் செய்தவர்கள் சொன்ன ஒயிலையே தொடர்ந்து ஊற்றுகிறேன். எயார் ஃபில்டர் கிரவல் வீதித் தூசியால் சேற்று நிறத்தில் இருந்தது. மாற்றினேன், எண் அசையவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் இதைச் சோதித்து, இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் ஃபில்டர் அடைபட்டால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் குறையாது என்று காட்டியது. காற்று குறைந்தால் கம்பியூட்டர் பெற்றோலையும் குறைத்துவிடும். கார்பரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிளில் கதை வேறு, அங்கே ஃபில்டர் உண்மையிலேயே பெற்றோலைத் தின்னும்.

ரயர் காற்றைப் பற்றியும் எல்லோரும் சொல்வார்கள். என் ரயர்களில் 24 பிஎஸ்ஐ தான் இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில் எழுதியிருப்பார்கள். 230 என்றால் ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. காற்றுக் குறைவு நாலு ரயரிலும் ஒரு பிஎஸ்ஐக்கு 0.2 சதவீத அளவில்தான் மைலேஜைக் குறைக்கும். ஒன்பது பிஎஸ்ஐ குறைந்திருந்தும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. காற்று அடிக்க வேண்டும், ரயர் தேயாமல் இருக்கவும் வளைவில் வண்டி பிடியோடு நிற்கவும். ஆனால் 16 ஐ 12 ஆக்கியது காற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் சொந்தப் பழக்கம் ஒன்றும் கணக்கில் வந்தது. ஜனவரியிலிருந்து மகளை ரியூசனில் விட்டுவிட்டு வாசலிலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம். சின்ன எஞ்சின்தான், ஆனாலும் ஏசியோடு நின்ற இடத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை லீற்றருக்கு மேல் போகும், மீற்றர் ஒரு அடி கூட ஏறாது. இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு வாகை மரத்துக்குக் கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொப்பி திருத்துகிறேன். இதற்குப் பிறகு 430 கிலோமீற்றருக்கு 27.5 லீற்றர் பிடித்தது. லீற்றருக்கு 15.6.

ஆனால் 16.2 வரவில்லை. இவ்வளவு செய்த பிறகும் அந்த அரைக் கிலோமீற்றர் எங்கே போகிறது என்று எனக்கு நித்திரையிலும் ஓடியது. கொப்பியை மறுபடி முதலிலிருந்து படித்தபோது 2024 நடுப்பகுதியில் ஒரு வரி: ‘புது ரயர் நாலு’. வெளியே போய் ரயரின் பக்கத்தைப் பார்த்தேன். 175/70. இந்த வண்டிக்கு வந்தது 165/70. அன்று கடையில் 165 இல்லை, கிரவல் வீதிக்குக் கொஞ்சம் உயரமானது நல்லது என்று தந்ததை வாங்கிப் போட்டிருந்தேன். அளவைக் கணக்குப் பார்த்தால் பழைய ரயரின் விட்டம் 587 மில்லிமீற்றர், புதியது 601. சில்லு ஒரு சுற்றில் ஓடும் தூரம் 2.4 சதவீதம் கூடிவிட்டது. வண்டியின் மீற்றர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, அதற்கு ரயர் மாறியது தெரியாது. நூறு கிலோமீற்றர் ஓடினால் 97.7 என்று குறைத்துச் சொல்கிறது.

கணக்கு மட்டும் போதாது என்று ஒரு விடியற்காலை கல்முனைப் பக்கம் போனேன். எங்கள் வீதி ஏ4 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று நாட்டின் தெற்கைச் சுற்றிக்கொண்டு வந்து மட்டக்களப்பில் முடிகிற வீதி. ஓரத்தில் கிலோமீற்றர் கற்கள் நிற்கின்றன. ஒரு கல்லுக்கு நேரே மீற்றரைப் பூச்சியம் ஆக்கி, இருபதாவது கல்லுக்கு நேரே நிறுத்தினேன். 19.5. திரும்பி வரும்போதும் 19.5.

15.6 ஐ 2.4 சதவீதத்தால் கூட்டினால் 16. மிச்சத்தைத் தேட வேண்டியதில்லை என்று கொப்பியில் ஒரு கோடு கீறினேன். இந்த ரயர் தேய்ந்ததும் 165 க்கே திரும்புவேன். அதுவரை தூரத்துக்கு இரண்டு நிரல் வைத்திருக்கிறேன், ஒன்று மீற்றர் சொன்னது, மற்றது கல்லின்படி.

நானா வேறொரு வண்டியில் கழற்றிய பழுதான தேமோஸ்டாட் ஒன்றைப் பாடசாலைக்கென்று தந்தார். தரம் 11 இல் வெப்ப விரிவு படிப்பிக்கும்போது நல்ல வால்வையும் பழுதானதையும் ஒரே முகவையில் போட்டுக் காட்டினேன். நல்லது 82 இல் திறந்தது, மற்றது கடைசிவரை மூடியே கிடந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழுந்து, “டீச்சர், எங்கட அப்பாட ட்ரக்டர்ல இருந்தும் இத கழட்டி வெச்சிரிக்காங்க. வெயிலுக்குத் தேவையில்லையாம்” என்றான். அவர்களுக்கு நாலு ஏக்கர் வயல், ட்ரக்டர் பழைய மெசி, டீசல் காசுக்கு அறுவடை வரைக்கும் கடன்.

அடுத்த நாள் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். மேலே துருப் பிடித்திருந்தது, இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நூலில் கட்டி முகவைக்குள் இறக்கினோம். பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள், அவன்தான் வெப்பமானியை வாசித்தான். எழுபத்தெட்டு. எண்பது. எண்பத்தொன்று. தட்டு மெல்ல விலகித் திறந்தது.